எபேசஸில் வழிகாட்டியோடு நடப்பதா, தனியாகச் சுற்றுவதா? அம்மாவும் வருகிறார்கள்

வாக்வா டீச்சர்:

எல்லோருக்கும் வணக்கம். ஆகஸ்ட் பள்ளி விடுமுறையில் அம்மாவைக் கூட்டிக்கொண்டு துருக்கி போகிறேன். இங்கே மொரிஷியஸிலிருந்து இஸ்தான்புல்லுக்கு நேர் விமானம் இருப்பதால் அலைச்சல் குறைவு என்று அம்மாவும் ஒத்துக்கொண்டார்கள். இஸ்தான்புல்லில் மூன்று நாள், அப்புறம் இஸ்மிர் பக்கம் இரண்டு நாள். அந்த இரண்டு நாளும் எபேசஸ் என்ற பழைய நகரத்தின் சிதைவுகளைப் பார்ப்பதற்காகத்தான்.

குழப்பம் இதுதான். "எபேசஸ் ரோமானிய, பைசாந்தியச் சிதைவுகள், வழிகாட்டியோடு நடை, இரண்டு மணி நேரம்" என்று பல இடங்களில் விளம்பரம் பார்க்கிறேன். ஆளுக்கு அவர்கள் கேட்கிற பணத்தை நம் ரூபாயில் கணக்குப் போட்டால் கையைக் கடிக்கிறது, நுழைவுச் சீட்டும் யூரோவில் விலை போட்டிருக்கிறார்கள். படித்துவிட்டுப் போய் நாங்களே சுற்றினால் போதாதா? வழிகாட்டி இல்லாமல் போனால் எதையாவது தவறவிடுவோமா?

அம்மாவுக்கு 67 வயது. போன வருடம் வலது முழங்காலில் ஆபரேஷன் நடந்தது. சமதரையில் ஒரு மணி நேரம் நடப்பார்கள், படிக்கட்டு என்றால் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும். ஆனால் பழைய கல் என்றால் அவர்களுக்கு உயிர். போர்ட் லூயிஸில் ஆப்ரவாசி காட் பார்க்கப் போனபோது, அங்கே சுற்றிக் காட்டிய பெண் அந்த 16 படிகளுக்கு முன்னால் எங்களை நிறுத்தி, கப்பலில் வந்து இறங்கிய ஒப்பந்தக் கூலிகள் இந்தப் படிகளில்தான் ஏறினார்கள் என்று சொன்னாள். அம்மா மெல்லக் குனிந்து முதல் படியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். எத்தனையோ தடவை அந்த வழியாகப் பஸ்ஸில் போயிருக்கிறேன், ஒரு நாளும் இறங்கிப் பார்த்ததில்லை. பக்கத்தில் நின்று சொல்ல ஓர் ஆள் இருந்தால் கல்லும் பேசும் என்று அன்றைக்குத் தெரிந்தது. அதனால்தான் கேட்கிறேன், போய் வந்தவர்கள் சொல்லுங்கள்.

ரோஸ்ஹில் தம்பி:

டீச்சர், நானும் மனைவியும் இரண்டு வருடம் முன்னால் இதே ஆகஸ்டில்தான் போனோம். முதலில் வெயிலைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ஆகஸ்ட் என்றால் நமக்குக் கியூர்பிப்பில் ஸ்வெட்டர் போடுகிற மாதம். அங்கே நடுக்கோடை, 35 டிகிரியைத் தாண்டும், ஒதுங்க நிழல் கிடையாது, தரையெல்லாம் வெள்ளைச் சலவைக்கல் என்பதால் வெயில் கீழேயிருந்தும் முகத்தில் அடிக்கும். காலை எட்டு மணிக்கு வாசல் திறக்கும்போதே நீங்கள் அங்கே நிற்க வேண்டும். பத்து மணிக்கெல்லாம் குஷாதாசி துறைமுகத்துக் கப்பல்களிலிருந்து பஸ் பஸ்ஸாக ஆட்கள் வந்து இறங்கிவிடுவார்கள், அப்புறம் அங்குள்ள பழைய செல்சஸ் நூலகத்துக்கு முன்னால் கால் வைக்க இடம் இருக்காது.

அடுத்தது வாசல். மேல் வாசல் ஒன்று, கீழ் வாசல் ஒன்று. மேலே நுழைந்து கீழே வெளியேறினால் முழுக்க இறக்கம், அம்மாவின் காலுக்கு அதுதான் சரி. செல்ச்சுக் ஊரிலிருந்து வரும் மினிபஸ் கீழ் வாசலில் இறக்கிவிடும், அதில் ஏறிவிட்டால் மலை ஏறுகிற மாதிரி மேல்நோக்கி நடக்க வேண்டிவரும். காலையில் டாக்ஸி பிடித்து மேல் வாசலுக்குப் போங்கள், திரும்பும்போது கீழே மினிபஸ் பிடித்துக்கொள்ளலாம்.

வழிகாட்டி வேண்டுமா என்றால், நான் வேண்டும் என்றுதான் சொல்வேன், ஆனால் ஆளைப் பார்த்துப் பிடியுங்கள். நாங்கள் முதல் நாள் ஒரு டூர் கம்பெனியிடம் பணம் கட்டி ஏமாந்தோம். சிதைவுகளுக்குள் முக்கால் மணி நேரம் ஓட்டமும் நடையுமாகக் கூட்டிப்போய்விட்டு, தோல் கோட் விற்கிற கடையில் ஒன்றரை மணி நேரம் உட்கார வைத்தார்கள். மனசு ஆறவில்லை. மறுநாள் நாங்கள் இருவர் மட்டும் உரிமம் பெற்ற ஒரு வழிகாட்டியைப் பிடித்துக்கொண்டு மறுபடியும் போனோம். துருக்கியில் உரிமம் இல்லாமல் யாரும் வழிகாட்டக் கூடாது, அட்டையைக் கழுத்தில் மாட்டியிருப்பார்கள், அதைப் பார்த்துவிட்டுப் பேசுங்கள். "கடைக்குப் போக மாட்டோம்" என்பதை முதலிலேயே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். பிரெஞ்சு பேசுகிற வழிகாட்டியும் கிடைப்பார், அம்மாவுக்கு ஆங்கிலத்தைவிட அது வசதியாக இருக்கலாம்.

அந்த வழிகாட்டிப் பெண் காட்டியதில் ஒன்றைச் சொல்கிறேன். குரேட்டஸ் தெரு என்று மேலிருந்து நூலகம் வரை இறங்குகிற சலவைக்கல் தெரு இருக்கிறது. அதன் மேல்முனையில் இரண்டு தூண்கள், சிங்கத்தோலைப் பிடித்துக்கொண்டு நிற்கிற ஹெர்குலிஸ் உருவம் அதில் செதுக்கியிருக்கும். எல்லோரும் போட்டோ எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். அவள் எங்களை நிறுத்தி, கையை விரித்து அளந்து காட்டினாள். தூண்களுக்கு நடுவே அவ்வளவு குறுகலான வழி. வேறு எங்கோ இருந்த பழைய சிற்பங்களைப் பெயர்த்துக் கொண்டுவந்து, பிற்காலத்தில் வேண்டுமென்றே இப்படி வைத்திருக்கிறார்கள், அதற்கப்புறம் வண்டி போக முடியாது, ஆள் மட்டும் நடக்கலாம். அதைக் கேட்டதும் கீழே பார்த்தேன், கல்லில் வழுக்காமல் இருக்கக் குறுக்கும் நெடுக்குமாகக் கொத்திய கோடுகள் தெரிந்தன. அவள் சொல்லாமல் இருந்திருந்தால் நான் அதன்மேல் மிதித்துக்கொண்டே போயிருப்பேன்.

கிராண்பே சிவா:

தம்பி சொல்வது சரிதான், ஆனால் நான் தனியாகப் போகச் சொல்வேன். வழிகாட்டி இருந்தால் அவர் நேரத்துக்கு நாம் ஓட வேண்டும். நான் திறந்த உடனே கீழ் வாசல் வழியாகப் போய் நேரே பெரிய அரங்கத்தில் ஏறி உட்கார்ந்தேன். 25,000 பேர் உட்காரக்கூடிய இடத்தில் நான் ஒருவன்தான். அரை மணி நேரம் அப்படியே இருந்தேன். விவிலியத்தில் எபேசு பட்டணத்துக் கலகம் என்று படித்திருப்பீர்களே, வெள்ளித்தட்டான் தெமேத்திரியு கூட்டத்தைக் கிளப்பிவிட்டு, "எபேசியருடைய தியானாளே பெரியவள்" என்று கத்தினார்களே, அது இந்த அரங்கத்தில்தான் (தியானாள் என்றால் எபேசஸின் ஆர்ட்டெமிஸ் தேவதை). என் மாமியார் வீட்டில் எல்லோரும் கிறிஸ்தவர்கள், அந்த அதிகாரத்தை அங்கேயே உட்கார்ந்து வாசித்துப் பதிவு செய்து அனுப்பினேன், மாமியார் அழுதுவிட்டார்கள். வழிகாட்டி கூட இருந்தால் இதற்கு ஐந்து நிமிடம்தான் கொடுப்பார்.

பணத்தை மிச்சம் பிடித்து அடுக்கு வீடுகளுக்குத் தனிச்சீட்டு வாங்குங்கள். கூரை போட்ட இடம், பணக்காரர்களின் வீடுகள், சுவர் ஓவியமும் தரையில் மொசைக்கும் அப்படியே இருக்கின்றன. சுவரில் யாரோ கூர்மையான எதனாலோ கீறி எழுதிய செலவுக் கணக்கும் கிளேடியேட்டர் படங்களும்கூட உண்டு. ஒரு மூலையில் மேசை மேசையாக உடைந்த சலவைக்கல் துண்டுகளைப் பரப்பி வைத்து ஒட்டிக்கொண்டிருக்கிறார்கள். ஒரே கூடத்தின் சுவர்ப் பலகைகளாம், ஒரு லட்சத்து இருபதாயிரம் துண்டு.

ரோஸ்ஹில் தம்பி:

சிவா அண்ணா, அடுக்கு வீடுகள் அருமைதான், ஆனால் அங்கே முழுக்கப் படிக்கட்டு, மேலே ஏறிக்கொண்டே போக வேண்டும். டீச்சரின் அம்மாவுக்கு அது ஆகாது. நூலகத்தையும் வழிகாட்டி இல்லாமல் பார்த்தால் வெறும் அழகான சுவர்தான். ஓரத்துத் தூண்களைவிட நடுத்தூண்களைப் பெரிதாக வைத்து, அடித்தளத்தை நடுவில் லேசாக மேடாக்கி, உள்ளதைவிட அகலமாகத் தெரியும்படி கட்டியிருக்கிறார்கள். மகன் தன் தகப்பன் செல்சஸின் நினைவாகக் கட்டியது, தகப்பனை அதற்கு அடியிலேயே கல்பெட்டியில் புதைத்திருக்கிறார்கள், மேலே 12,000 சுருள்கள். நூலகம்தான் அவருக்குச் சமாதி. இதைக் கேட்ட பிறகு அந்த வாசலில் நிற்பது வேறு மாதிரி இருந்தது.

மோக்கா வாத்தியார்:

மகளே, நான் நாற்பது வருடம் பள்ளிக்கூடத்தில் வரலாறு சொல்லிக்கொடுத்தவன், எபேசஸுக்கு இரண்டு தடவை போயிருக்கிறேன். வழிகாட்டி வேண்டுமா வேண்டாமா என்பதைவிட முக்கியமான ஒன்று இருக்கிறது. விளம்பரத்தில் "ரோமானிய, பைசாந்திய" என்று போடுகிறார்கள். பைசாந்தியம் என்றால் பிற்காலத்தில் கிழக்கே நீடித்த கிறிஸ்தவ ரோமப் பேரரசு. நடக்கும்போது பார்த்தால் முழுக்க ரோமானியம்தான். நூலகம், அரங்கம், கழிப்பிடத்தில் ஒரு சிரிப்பு, முடிந்தது. பைசாந்தியம் என்ற சொல்லுக்குக் கொடுத்த பணம் வீண். ஆகவே முன்பதிவு செய்யும்போதே கேளுங்கள்: மரியாள் தேவாலயத்துக்குப் போவீர்களா, ஆயாசுலுக் குன்று உண்டா? "இல்லை" என்றால் வேறு ஆளைப் பாருங்கள்.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், இந்த ஊரின் கதையே அங்கேதான் இருக்கிறது. நீங்கள் போர்ட் லூயிஸ் பார்த்து வளர்ந்தவர்கள், துறைமுகம் இருந்தால் ஊர் உண்டு, இல்லாவிட்டால் இல்லை என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அரங்கத்தின் மேல்வரிசையிலிருந்து நேரே ஓர் அகலத் தெரு போகிறதே, அது துறைமுகத்துக்குப் போன தெரு. கப்பலில் வந்தவர்கள் அந்த வழியாகத்தான் ஊருக்குள் நுழைந்தார்கள், இரவில் அதில் விளக்கு எரிந்தது. இப்போது அந்தத் தெருவின் கடைசியில் நாணலும் சதுப்பும்தான், கடல் சில கிலோமீட்டர் தள்ளிப் போய்விட்டது. ஆறு வண்டல் கொண்டுவந்து கொட்டிக்கொண்டே இருந்தது. ஹேட்ரியன் பேரரசர் ஆற்றையே திருப்பிவிட்டுப் பார்த்தார், அப்படியும் நிற்கவில்லை. துறைமுகம் சேறாகிக் கொசுவும் காய்ச்சலும் பெருகப் பெருக, பைசாந்திய காலத்தில் மக்கள் கொஞ்சம் கொஞ்சமாக ஆயாசுலுக் குன்றுக்குக் குடிபெயர்ந்தார்கள். இன்றைய செல்ச்சுக் ஊர் அந்தக் குன்றின் அடியில்தான் இருக்கிறது. ஆக எபேசஸ் அழிந்துபோகவில்லை, இடம் மாறியது.

சிதைவுகளுக்குள்ளேயே இந்த மாற்றத்தைக் காணலாம், தெரிந்தவர் காட்ட வேண்டும். தம்பி சொன்ன ஹெர்குலிஸ் வாசல் அதில் ஒன்று. நூலகமும் அப்படித்தான். மூன்றாம் நூற்றாண்டில் படிப்புக்கூடம் எரிந்துபோனது, முகப்பு மட்டும் நின்றது, பிற்காலத்தில் அதற்கு முன்னால் தொட்டி கட்டித் தண்ணீர் விட்டார்கள். அறிவுக்குக் கட்டிய முகப்பு நீரூற்றின் பின்சுவராகிவிட்டது. இன்று நாம் பார்ப்பது 1970களில் ஆஸ்திரியர்கள் விழுந்த கற்களைப் பொறுக்கி மறுபடி எழுப்பியது. அடுக்கு வீடுகளில் சிவா ஓவியங்களைப் பார்த்திருப்பார், அதே இடத்தில் வீடுகள் நிலநடுக்கத்தில் இடிந்த பிறகு பைசாந்தியர்கள் தண்ணீர் விசையில் ஓடும் ஆலைகள் வைத்திருந்தார்கள், அதில் ஒன்று கல் அறுக்கும் பட்டறை. நம் கரும்புத் தோட்டங்களில் பழைய ஆலையின் புகைபோக்கி மட்டும் தனியாக நிற்கிறதே, அதைப் பார்த்து வளர்ந்த எனக்கு அந்தக் கல் பட்டறையைப் பார்த்தபோது காலே நகரவில்லை.

இன்னொன்று. 2022-ல் ஆஸ்திரியத் தொல்லியல் குழு டொமிஷியன் சதுக்கத்தை ஒட்டித் தோண்டியபோது பைசாந்தியக் கடைத்தெரு ஒன்று கிடைத்தது. 614 அல்லது 615-ல் திடீரென்று தீப்பிடித்து இடிந்து மூடியது என்று கணித்திருக்கிறார்கள். கடைகளில் சாமான் அப்படியே இருந்தது. இரண்டாயிரத்துக்கு மேல் செப்புக் காசு, புனிதப் பயணம் வந்தவர்கள் வாங்கிப்போகும் சின்னக் குப்பிகள் நூற்றுக்கணக்கில், உப்புப் போட்ட கானாங்கெளுத்தி மீன் ஜாடியோடு. கருவாடு விற்ற கடை என்று நினைத்துக்கொள்ளுங்கள், ஆயிரத்து நானூறு வருடம் கழித்து மூடியைத் திறந்திருக்கிறார்கள்.

மரியாள் தேவாலயம் கீழ் வாசலுக்குப் பக்கத்தில் சற்று ஒதுங்கி இருக்கிறது, நீண்ட ஒல்லியான கட்டடம், கூட்டமே இருக்காது. 431-ல் கிறிஸ்தவ ஆயர்கள் கூடி, மரியாளை இறைவனின் தாய் என்று சொல்லலாமா என்று வாதாடிய இடம் அது. அப்படிச் சொல்லக் கூடாது என்ற ஆயர் நெஸ்தோரியஸ் தோற்றுப் பதவி இழந்தார். அந்த ஒரு தீர்மானத்தால் பிரிந்த சபைகள் இன்றும் பிரிந்தே இருக்கின்றன. ஒட்டியே ஞானஸ்நானத் தொட்டி, இறங்க ஒரு பக்கம் ஏற ஒரு பக்கம் படி. உங்கள் அம்மா கோயில் தெப்பக்குளம் பார்த்தவர்கள், சொல்லாமலே புரிந்துகொள்வார்கள்.

வாக்வா டீச்சர்:

ஐயா, தம்பி, சிவா அண்ணா, மூன்று பேருக்கும் ரொம்ப நன்றி. ராத்திரி அம்மாவுக்கு எல்லாவற்றையும் வாசித்துக் காட்டினேன். கருவாட்டு ஜாடி விஷயத்தை இரண்டு தடவை கேட்டார்கள்.

இரண்டு சந்தேகம். ஒன்று, எல்லாவற்றையும் ஒரே நாளில் பார்க்க முடியுமா, இரண்டு நாளாகப் பிரிக்கலாமா? இன்னொன்று அம்மா கேட்டது. "யவனர் யவனர் என்கிறார்களே, நம்ம ஆட்களுக்கும் அந்த ஊருக்கும் ஏதாவது தொடர்பு உண்டா?" எங்கள் கொள்ளுத்தாத்தா வழி புதுச்சேரிப் பக்கம் என்று வீட்டில் சொல்வார்கள், அதனால் கேட்கிறார்கள்.

பிசியோ மலர்:

அக்கா, நான் வரலாறு பேச வரவில்லை, முழங்காலுக்காக எழுதுகிறேன். இறக்கம் சுலபம் என்று எல்லோரும் நினைப்பார்கள், ஆபரேஷன் ஆன முழங்காலுக்கு இறக்கத்தில்தான் அழுத்தம் அதிகம். மேல் வாசலில் தொடங்குவது சரி, ஆனால் அம்மா கையில் ஒரு ஊன்றுகோல் இருக்கட்டும், நுனியில் ரப்பர் உள்ளது, அதுவும் ஆபரேஷன் ஆன காலுக்கு எதிர்ப்பக்கக் கையில். இறங்கும்போது வலியுள்ள கால் முதலில், ஏறும்போது நல்ல கால் முதலில். செருப்பு வேண்டவே வேண்டாம், அடியில் பிடிப்புள்ள ஷூ. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை உட்கார வேண்டும் என்று வழிகாட்டியிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பெரிய குழுவோடு போனால் இது நடக்காது, அந்த ஒரு காரணத்துக்காகவே உங்கள் இருவருக்கும் மட்டும் ஆள் பிடியுங்கள். விமானத்தில் இடையிடையே எழுந்து நடக்கச் சொல்லுங்கள். புறப்படும் முன்பு ஆபரேஷன் செய்த டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

மோக்கா வாத்தியார்:

இரண்டு நாளாகப் பிரியுங்கள் மகளே, யோசிக்கவே வேண்டாம். முதல் நாள் காலை வழிகாட்டியோடு மேல் வாசலிலிருந்து கீழ் வரை, கடைசியில் மரியாள் தேவாலயம், பதினொரு மணிக்குள் வெளியே வந்துவிடுங்கள். மதியம் அறையில் ஓய்வு. மாலை செல்ச்சுக் அருங்காட்சியகம், அங்கேதான் ஆர்ட்டெமிஸ் சிலைகள் இருக்கின்றன.

மறுநாள் வழிகாட்டி தேவையில்லை. ஊருக்குள்ளேயே குன்றின்மேல் யோவான் பேராலயம், ஆறாம் நூற்றாண்டில் பைசாந்தியப் பேரரசர் ஜஸ்டினியன் கட்டியது. ஸ்டேஷனிலிருந்து பொடிநடையாகப் போகலாம், அம்மாவுக்காக டாக்ஸியிலேயே வாசல்வரை போய்விடுங்கள். ஆறு குவிமாடத்தோடு சிலுவை வடிவில் இருந்த கோயில், இயேசுவின் சீடர் யோவானின் கல்லறை என்று நம்பிய இடத்தின் மேல் எழுப்பியது. தூண்களின் தலைப்பகுதியை உற்றுப் பாருங்கள், ஜஸ்டினியன், அவர் மனைவி தியோதோரா இருவர் பெயரையும் எழுத்துகளைக் கோத்துப் பூவேலை மாதிரி செதுக்கியிருப்பார்கள். மேற்கு ஓரத்துக்கு வந்து நின்றால் கீழே ஈசா பே பள்ளிவாசல், 14-ம் நூற்றாண்டு, அதற்கு அந்தப் பக்கம் பள்ளத்தில் ஒற்றைத் தூண் தெரியும். ஏழு உலக அதிசயங்களில் ஒன்றாக இருந்த ஆர்ட்டெமிஸ் கோயிலில் மிச்சம் அவ்வளவுதான். உச்சியில் நாரை கூடு கட்டியிருக்கும். அந்தக் கோயிலின் கல்லை எடுத்துத்தான் நீங்கள் நிற்கிற பேராலயத்தையும் கட்டினார்கள். காலையில் சீக்கிரம் போனால் சூரியன் முதுகுப் பக்கம் இருக்கும், இரண்டும் தெளிவாகத் தெரியும்.

அம்மாவின் கேள்விக்கு வருகிறேன். எபேசஸ் ஊருக்குள் தமிழர் போனதற்கு நேரடிச் சான்று எதையும் நான் கண்டதில்லை, ஆகவே போனார்கள் என்று சொல்ல மாட்டேன். ஆனால் புதுச்சேரிக்குப் பக்கத்தில் அரிக்கமேடு இருக்கிறதே, அங்கே 1945-ல் தொல்லியல் அறிஞர் வீலர் தோண்டியபோது இத்தாலியில் செய்த சிவப்புப் பளபளப்புக் கிண்ணங்களும் மது ஜாடிகளும் கிடைத்தன. அந்த ஜாடிகளில் நிறைய கோஸ் தீவு வகை. படத்தை எடுத்துப் பாருங்கள், கோஸ் எபேசஸுக்குத் தெற்கே, அதே கடற்கரையை ஒட்டிய தீவு. சங்கப் பாட்டில் யவனர் கொண்டுவந்த தேறல் என்று வருகிறதே, அது இந்த வழியாக வந்திருக்கலாம். நம் ஆட்கள் போனதற்கும் சான்று உண்டு, எகிப்தின் செங்கடல் துறைமுகங்களான பெரெனிகேயிலும் குசேரிலும் தமிழ் எழுத்தில் பெயர் கீறிய பானை ஓடுகள் கிடைத்திருக்கின்றன. எபேசஸ் அருங்காட்சியகத்தில் இரண்டு பக்கமும் கைப்பிடி வைத்த கூர்மையான அடியுள்ள ஜாடியைப் பார்த்தால் அம்மாவிடம் காட்டுங்கள், அதே குடும்பத்து ஜாடி உங்கள் கொள்ளுத்தாத்தா ஊருக்குப் பக்கத்திலும் மண்ணுக்கடியில் கிடந்தது என்று சொல்லுங்கள்.

கிராண்பே சிவா:

வாத்தியாரே, இதெல்லாம் தெரியாமல் நான் இரண்டு மணி நேரத்தில் சுற்றிவிட்டு வந்துவிட்டேன். மரியாள் தேவாலயத்துப் பக்கமே போகவில்லை. டீச்சர், நான் முதலில் சொன்னதை மாற்றிக்கொள்கிறேன், முதல் நாள் ஆள் வைத்துக்கொள்ளுங்கள். அரங்கத்தில் மட்டும் கால் மணி நேரம் உங்களை விட்டுவிடச் சொல்லுங்கள். கீழ்வரிசையில் உட்கார்ந்தாலே போதும், அம்மா மேலே ஏற வேண்டாம்.

வாக்வா டீச்சர்:

முடிவு செய்துவிட்டேன். பிரெஞ்சு பேசுகிற வழிகாட்டி ஒருவருக்கு நேற்று எழுதினேன், எங்கள் இருவருக்கு மட்டும், மேல் வாசலில் எட்டு மணி, கடை எதுவும் இல்லை, மரியாள் தேவாலயம் உண்டு, பத்து நிமிடத்துக்கு ஒருமுறை உட்கார வேண்டும் என்று எல்லாவற்றையும் வரிசையாக எழுதிவிட்டேன். இன்று காலை பதில் வந்தது. ஆலயத்தைக் கேட்டு எழுதுகிறவர்கள் குறைவு, அதற்காகவே அரை மணி நேரம் கூடுதலாக இருக்கிறேன், அதற்குப் பணம் வேண்டாம் என்று எழுதியிருக்கிறார். அம்மா இப்போதே ஊன்றுகோலோடு மாலையில் வீட்டுக்கும் கோவிலுக்கும் நடந்து பழகுகிறார்கள். ஜாடியைக் கண்டால் படம் எடுத்து இங்கே போடுகிறேன், ஐயா.